இறங்கத் தெரிந்த பயணம்

சிதம்பரம் நடராசர் கோயிலின் சிற்சபையில், ஆடவல்லானுக்குப் பக்கத்தில் ஒரு திரை தொங்குகிறது. தீட்சிதர் அதை விலக்கித் தீபாராதனை காட்டும்போது உள்ளே சிலையும் தெரியாது, லிங்கமும் தெரியாது. பொன்னால் செய்த வில்வ மாலைகள் சில தொங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் வெறும் வெளி. ஐம்பூதத் தலங்களில் காஞ்சி மண், திருவானைக்கா நீர், திருவண்ணாமலை நெருப்பு, காளத்தி காற்று, தில்லை என்னும் சிதம்பரம் ஆகாயம். சைவர்களுக்குக் கோயில் என்று மட்டும் சொன்னால் அது இந்தக் கோயிலைத்தான் குறிக்கும். அப்படிப்பட்ட கோயிலின் உள்ளிடத்தில் காட்டப்படுவது எங்கும் நிறைந்திருக்கிற வெளி என்றால், பக்தியுள்ளவரும் இல்லாதவரும் ஒருசேரக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எழுகிறது. எங்கும் இருப்பதைக் காண ஓர் ஊரைத் தேடிப் போவானேன்? சென்னையில் ஒரு மொட்டை மாடிக்கு மேல் இல்லாத ஆகாயம் சிதம்பரத்தில் மட்டும் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியை வெளியார் யாரும் கொண்டுவந்து போடவில்லை. தமிழ்ச் சைவமே தன்னைத் தொடர்ந்து கேட்டுவந்த கேள்வி இது. உடம்பையே ஆலயமாகக் கண்டவர் திருமூலர். தலம் தலமாகச் சுற்றுவதையும் கல்லைச் சுற்றி வருவதையும் சிவவாக்கியர் காரமாகக் கடிந்தார். ஈசனை எங்கும் காணாதவர் கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும் என்ன பயன் என்று திருநாவுக்கரசர் ஒரு பதிகம் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஆனால் அப்படிக் கேட்ட அப்பர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. முதுமையிலும் ஊர் ஊராக நடந்தார். கயிலையைக் காணப் போனபோது பாதம் தேய்ந்து, கை தேய்ந்து, உடம்பால் புரண்டும் போனார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். கடைசியில் கயிலைக் காட்சி அவருக்குக் கயிலையில் கிடைக்கவில்லை. பொய்கை ஒன்றில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தபோது கிடைத்தது. புறப்பட்ட நாட்டிலேயே கிடைத்த காட்சிதான் என்றாலும், புறப்படாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்காது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர முடியும். தலத்தில் இருப்பது மற்ற இடங்களிலும் இருக்கிறது என்றால், யாத்திரையின் பயன் அங்கே கைக்குக் கிடைக்கும் பொருளில் இருக்க முடியாது. போகிறவருக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் இருக்க முடியும். அப்படியானால் எப்படிப் போகிறோம் என்பதைப் பயண ஏற்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது. யாத்திரையின் நடுவில் இருக்கிற கேள்வியே அதுதான். இந்தக் காலத்துக்கு அதைப் பொருத்திச் சொல்கிறேன்: இரண்டு நாள் ஒழிவு கிடைத்துச் சிதம்பரம் போன்ற ஒரு பழைய சிற்றூருக்குப் புறப்படும் நகரவாசி, முடிந்தவரை காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் போய், ஊருக்குள் நடந்து திரிய வேண்டும். பெட்ரோல் செலவும் காற்று மாசும் இதற்கு நல்ல காரணங்கள்தான். நான் சொல்ல வருவது அவற்றுக்கும் அடியில் இருக்கிற சமயக் காரணம்.

முதலில் வழியைப் பார்ப்போம். சென்னை எழும்பூரிலிருந்து சிதம்பரம் ரயில் வழியில் சுமார் 245 கிலோமீட்டர். சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் போகிறது, உழவன் எக்ஸ்பிரஸ் இரவில். திருச்சிக்குக் குறுக்கே போகும் கார்டு லைன் விழுப்புரத்தில் பிரிந்துவிட, மெயின் லைன் கிழக்கே கடலோரமாகத் திரும்புகிறது. நெடுங்காலம் மீட்டர்கேஜாக இருந்த இந்தப் பகுதி 2010இல் அகலப்பாதையாயிற்று. பண்ருட்டியில் வண்டி நின்றால் பக்கத்தில் திருவதிகை. சூலை நோயோடு வந்த மருள்நீக்கியார் தமக்கை திலகவதியார் கையால் திருநீறு வாங்கி அப்பராக மாறிய ஊர். அடுத்துத் திருப்பாதிரிப்புலியூர், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்ட அதே அப்பர் கரையேறிய இடம், இன்று மஞ்சள் பலகையில் எழுதிய ஒரு ஸ்டேஷன் பெயர். சிதம்பரத்தைத் தாண்டினால் கொள்ளிடம். அதற்கப்பால் ஞானசம்பந்தர் பிறந்த சீர்காழி. பிறகு வைத்தீசுவரன்கோயில், அதன் அருகே நந்தனாருக்காக நந்தி விலகிய திருப்புன்கூர். ரயில் பாதை போட்டவர்கள் பெரியபுராணம் படித்துவிட்டுப் போடவில்லை. மனிதர்கள் குடியிருந்த வழியில் தண்டவாளம் போனது. அடியார்களும் மனிதர்கள் குடியிருந்த வழியில்தான் நடந்தார்கள். அதனால் இரண்டும் ஒன்றாயின. இந்த வழியில் போகிறவருக்கு, தான் தேடிப் போகும் ஊர் மட்டுமே ஊர் இல்லை என்பது வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வரும்.

வண்டி நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரத்துக்குத் தெற்கே மெயின் லைன் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனில் கிராசிங் என்று நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடமோ இருபது நிமிடமோ, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காரில் போகிறவருக்கு இப்படி ஒரு நிலை வராமலிருக்கத்தான் கார் இருக்கிறது. வேண்டியபோது புறப்படலாம், வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். குளிரும் பாட்டும் பேச்சும் தம் விருப்பப்படி. இவற்றில் ஒன்றும் பாவமில்லை. ஆனால் சைவ சித்தாந்தம் உயிரைக் கட்டிவைத்திருப்பதாகச் சொல்வது யான், எனது என்ற இரண்டு பற்றுகளை. என் நேரம், என் வசதி, என் ஆட்கள் என்று ஒவ்வொன்றிலும் அந்த இரண்டையும் காப்பாற்றிக்கொண்டே, அவற்றை அவிழ்ப்பதற்காக ஏற்பட்ட ஓர் இடத்துக்குப் போவது, மருந்தைக் குடித்துவிட்டுப் பத்தியத்தை முறிப்பது போல. ரயில் யாருடைய யானுக்கும் கட்டுப்பட்டதில்லை. பெட்டியில் ஏறிய நிமிடத்திலிருந்து நேரம் நம் கையை விட்டுப் போகிறது. கோயிலும் அதையேதான் செய்கிறது. நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். எவ்வளவு தொலைவிலிருந்து எவ்வளவு அவசரமாக வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். வழியில் காத்திருக்கப் பழகியவருக்குச் சாத்திய கதவின் முன் காத்திருப்பது எளிது. நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று நெடுஞ்சாலையில் விரட்டி வந்தவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

நேரத்தை விட்டுக்கொடுப்பது ஒரு பாதி. உடன் வருகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது மறுபாதி. முன்பதிவில்லாப் பெட்டியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவரும், மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும் முதியவரும், வளைகாப்புக்குத் தட்டுகளோடு போகும் குடும்பமும் ஒரே பலகையில் இடுங்கி உட்கார்கிறார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று கேட்பதும், கேட்டால் தள்ளி உட்காருவதும் அங்கே நாளெல்லாம் நடக்கும் சடங்கு. பிறருக்கு இடம் விடுவது என்ற ஒழுக்கத்தை இவ்வளவு உடம்போடு கற்றுத்தரும் இடம் இன்றைய நகர வாழ்வில் அதிகமில்லை. அடியார் கூட்டத்தோடு சேர்ந்திருப்பதைச் சைவம் முத்திக்கு வழியாகவே சொல்கிறது. பெட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் அடியார்களா என்று கேட்கலாம். சிவவேடம் பூண்டு வந்தவர் யாரென்று விசாரிக்காமல் வணங்கியவர்களைத்தான் பெரியபுராணம் போற்றுகிறது. யார் என்று தெரியாதவரிடமும் பணிவாக இருக்க முடிகிறதா என்பதே அங்கே சோதனை.

இனி ஊருக்கு வருவோம். ரயில் நிலையம் கோயிலுக்குத் தென்கிழக்கே, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கிறது. கான்சாகிப் வாய்க்காலைத் தாண்டி, கடைத்தெரு வழியாக நடந்தால் கீழ வீதி வருகிறது. கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள்: கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. இவற்றின் அகலத்தை முடிவு செய்தது தேர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முந்தைய நாள் ஐந்து தேர்கள் இந்த வீதிகளைச் சுற்றி வருகின்றன. பெரும்பாலான கோயில்களில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. உற்சவர்தான் வீதிக்கு வருவார். தில்லையில் மூலவரான நடராசரே சிவகாமியோடு இறங்கித் தேரேறி வருகிறார். ஆயிரக்கணக்கான கைகள் வடம் பிடிக்கின்றன. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் தடுத்துத் தடுத்துத் திருப்புகிறார். காலையில் புறப்பட்ட தேர் நிலைக்கு வந்து சேர மாலையாகிவிடும். ஊரின் நடுவில் இருப்பவரே தம் ஊரைச் சுற்றி வரும் வேகம் இதுதான். கூட்டத்தில் ஒரு குழந்தை நடக்கும் வேகம். அவர் நகர்வதற்கும் அத்தனை பேர் கை வேண்டும். ஊரை வகுத்தவர்கள் வீதியின் மூலமாகச் சொல்லிவைத்திருக்கும் இறையியல் இது. மற்ற நாட்களில் அதே வீதிகளில் இரண்டு ஓரமும் வெளியூர்க் கார்களை நிறுத்தி, நடக்கிறவரை நடுத்தெருவுக்குத் தள்ளினால், எழுதிவைத்ததை அழிக்கிறோம் என்றுதான் பொருள்.

வீதி சொல்வதை வரலாறும் சொல்கிறது. இதே தில்லையில், 14ஆம் நூற்றாண்டில், தீட்சிதர் மரபில் வந்த உமாபதி சிவம் பூசை முடித்துப் பல்லக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் என்கிறது மரபுக் கதை. மரியாதைக்காகப் பகலிலேயே முன்னால் தீவட்டி பிடித்துச் சென்றார்கள். வழியில் ஒரு திண்ணையில் இருந்த மறைஞான சம்பந்தர், செத்த மரத்தின் மேல் பகலில் கண் தெரியாத ஒருவர் போகிறார் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். உமாபதி பல்லக்கிலிருந்து இறங்கி, சொன்னவரின் பின்னால் நடந்தார். நெசவாளர் வீதியில் பாவுக்குக் காய்ச்சிய கூழைக் குரு வாங்கிக் குடித்தபோது, அவர் கையிலிருந்து வழிந்ததை இவர் ஏந்திக் குடித்தார். அதனால் சாதி விலக்குக்கு ஆளாகி ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார். பிறகு கோயிலில் கொடி ஏறாமல் நின்றபோது, விலக்கியவர்களே அவரை அழைக்க வேண்டிவந்தது. கொடிக்கவி பாடினார், கொடி ஏறிற்று. சைவ சித்தாந்தத்தின் நான்காம் சந்தான குரவர் குருவானது, ஒரு வாகனத்திலிருந்து இறங்கிய கணத்தில்.

உமாபதி சிவத்தின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டியது ஞானசம்பந்தரின் முத்துச் சிவிகை. தந்தையின் தோளில் போய்க்கொண்டிருந்த பிள்ளை அதை விட்டிறங்கிச் சிறு பாதம் நோக நடந்தார். திருநெல்வாயில் அரத்துறையில் இறைவனே அவருக்குச் சிவிகை அளித்தார். பின்னொரு நாள் திருப்பூந்துருத்திக்கு அவர் வந்தபோது அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து அந்தச் சிவிகையைத் தோளில் தாங்கினார். அப்பர் எங்கே என்று ஞானசம்பந்தர் கேட்க, உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்று கீழிருந்து பதில் வந்தது. சம்பந்தர் உடனே குதித்திறங்கி அவரை வணங்கினார். ஆக, மரபு வாகனத்தைப் பழிக்கவில்லை. ஒரு பல்லக்கு மறைஞான சம்பந்தரின் கடுஞ்சொல்லுக்கு ஆளாகிறது, இன்னொன்று இறைவன் கொடுத்ததாகப் போற்றப்படுகிறது. இரண்டு கதையிலும் பெருமை பெறுவது இறங்கிய செயல்தான். நம்மை உயர்த்தியும் பிரித்தும் வைத்திருக்கிற ஒன்றிலிருந்து, தக்க நேரத்தில் தயங்காமல் இறங்க முடிகிறதா? யாத்திரைக்கு நான் காணும் அளவுகோல் இது. ரயிலில் வருகிறவர் ஊரின் விளிம்பில் இறங்கியே ஆக வேண்டும். கார் செய்வது இறங்கும் இடத்தைக் கோபுர வாசல் வரை தள்ளிப் போடுவது.

இங்கே முதல் மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. முழங்கால் தேய்ந்த பாட்டி, சக்கர நாற்காலியில் இருப்பவர், கைக்குழந்தையோடு வரும் தாய் எல்லாரும் ரயிலேறி நடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. நம் ரயில் நிலையங்களின் படிக்கட்டும், பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியும் அவர்களுக்கு எவ்வளவு கொடுமை என்பது தெரிந்ததே. சம்பந்தருக்குக் கிடைத்த சிவிகை அவர்களுக்குக் காராக வந்தால் அதுவும் அருள்தான். என் வாதம் கால்களைப் பற்றியது இல்லை, இறங்கும் மனத்தைப் பற்றியது. காரில் அழைத்துவரப்படும் பாட்டி தன் உடம்பைப் பிறர் கையில் ஒப்படைத்துத்தான் வருகிறார். விட்டுக்கொடுக்க வேண்டியதை அவர் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனால் பாட்டியின் பெயரைச் சொல்லி நல்ல கால் உள்ள நான்கு பேர் தங்களுக்கு விலக்கு எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, நடக்கக்கூடியவர்கள் காரை விட்டு வந்தால்தான் நடக்க முடியாதவர்களின் வண்டிக்குக் கோபுர வாசலருகே இடம் கிடைக்கும். நிலையத்திலிருந்து ஆட்டோவில் போவதும் தவறில்லை. ஓட்டுபவர் அந்த ஊர்க்காரர், முதல் பேச்சே ஊரோடு தொடங்கிவிடும்.

இரண்டாவது மறுப்பு காந்தியிடமிருந்து வருகிறது, அது இன்னும் கனமானது. 1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யத்தில் அவர் ரயிலையே கண்டித்தார். முன்பு மிகவும் சிரமப்பட்டுத்தான் புண்ணியத் தலங்களுக்குப் போக முடிந்தது, அதனால் உண்மையான பக்தர்களே போனார்கள். ரயில் வந்த பிறகு கண்டவர்களும் போய் அந்த இடங்களின் புனிதம் கெட்டது என்பது அவர் வாதத்தின் சாரம். இதை ஏற்றால் நான் காரைப் பற்றிச் சொன்னதெல்லாம் ரயிலுக்கும் பொருந்தும்; நடைப் பயணம் ஒன்றே மிஞ்சும். ஆனால் அந்த வாதம் ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: சிரமம் பக்தர்களைச் சலித்தெடுக்கும் சல்லடை என்று. தில்லையின் வரலாறே அதை மறுக்கிறது. ஆதனூர் நந்தனார் நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தள்ளிப்போட்டதற்குத் தொலைவு காரணமில்லை. தம் பிறப்பை நினைத்துத் தயங்கினார் என்கிறார் சேக்கிழார். வந்தபிறகும் ஊருக்குள் நுழையாமல் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். தீயில் மூழ்கி எழுந்த பிறகே கோயிலுக்குள் அவர் போனதாகப் புராணம் முடிகிறது. சிரமம் அவருடைய பக்தியைச் சோதிக்கவில்லை. மனிதர் போட்ட வேலி அவரைத் தடுத்தது. சாலையின் கரடுமுரடு ஒருவரைத் தகுதியுள்ளவராக ஆக்குவதில்லை. அது பெரும்பாலும் செய்தது ஏழைகளையும் பெண்களையும் முதியவர்களையும் வீட்டில் நிறுத்திவைத்ததுதான்.

ரயில் அந்த வேலியில் ஒரு பகுதியைத் தட்டிவிட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். வகுப்புக்கு வகுப்பு பெட்டி பிரித்தார்களே தவிர, சாதிக்குச் சாதி பிரிக்கவில்லை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் யாரோடும் ஒட்டி உட்காரலாம் என்பது இந்த மண்ணுக்குப் புதியது. இதையும் மிகைப்படுத்தக் கூடாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் நெடுங்காலம் நீடித்தது. பெரியாரின் இயக்கம் போராடி 1941இல்தான் அது நீங்கியது. கோயில் கதவுகளைச் சட்டப்படி எல்லாருக்கும் திறக்க 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது. ரயில் மனம் மாற்றவில்லை. மாற வேண்டியவர்களை ஒரே பலகையில் உட்கார வைத்தது. காந்தியும் தம் வாதத்தின் கடைசி எல்லைக்குப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பின் மூன்றாம் வகுப்பிலேயே நாடு சுற்றினார். 1917இல் அந்தப் பெட்டிகளின் அவலத்தை எழுதித் திருத்தம் கேட்டார். கண்டித்த ஒன்றுக்குள்ளேயே அவர் தமக்கொரு சாதனையைக் கண்டெடுத்தார் என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நடையோடு ஒப்பிட்டால் ரயில் குறைவுதான். ஆனால் நடக்க நாளும் உடம்பும் வாய்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு, பிறரோடு சேர்ந்து, பிறர் நேரத்துக்குக் கட்டுப்பட்டுப் போகும் வழி அது ஒன்றே. ரயில் எட்டாத ஊர்களுக்கு டவுன் பஸ் அதே வேலையைச் செய்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அப்படித்தான் போக வேண்டும்.

மூன்றாவது மறுப்பு உள்ளிருந்து வருவது: இறைவன் பார்ப்பது மனத்தை, எதில் ஏறி வந்தோம் என்பதை அவன் கணக்கில் வைப்பதில்லை. இதற்குச் சாட்சியாகத் திருநின்றவூர்ப் பூசலாரைக் காட்டுவார்கள். பொருள் இல்லாத அவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கல்லால் கோயில் எடுத்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, பூசலார் கோயிலின் குடமுழுக்கு அதே நாளில் இருப்பதால் உன்னுடையதை வேறு நாள் வைத்துக்கொள் என்றான். மனமே போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? ஆனால் பூசலார் என்ன செய்தார் என்பதைச் சேக்கிழார் சொல்லும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மனத்தில் கட்டுவதுதானே என்று அவர் ஒரு நொடியில் கோபுரத்தை எழுப்பிவிடவில்லை. பொருள் தேடினார், தச்சர்களைச் சேர்த்தார், நல்ல நாளில் கடைக்கால் இட்டார், இரவிலும் கண் துஞ்சாமல் அடுக்கடுக்காக எடுத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் வளைத்தார், குளம் வெட்டினார், பிறகே பிரதிட்டைக்கு நாள் குறித்தார். யாரும் பார்க்காத இடத்தில், எந்தத் தடையும் இல்லாத இடத்தில்கூட அவர் படிகளைத் தாண்டவில்லை. மனம் முக்கியம் என்று சொல்கிறவர் பூசலாரிடமிருந்து கற்க வேண்டியது, மனமும் முறையோடுதான் பழகுகிறது என்பதை. வெளியே எல்லாப் படியையும் தாண்டிவிட்டு உள்ளே மட்டும் படிப்படியாக ஏறுகிறேன் என்பவரின் மனம், பெரும்பாலும் வெளியே பழகியதையே உள்ளேயும் செய்யும்.

நான்காவது மறுப்பு கணக்குப் போட்டு வருவது. காரில் போனால் ஒரே நாளில் பல தலங்களைத் தரிசிக்கலாமே! சூரியனார்கோயிலில் தொடங்கித் திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருவெண்காடு, திருநள்ளாறு என்று ஒன்பது கோள்களின் தலங்களையும் விடிந்ததிலிருந்து இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறார்கள். குறைந்த நாளில் நிறையப் புண்ணியம் என்பது இதன் உள்கருத்து. துன்பத்தில் இருப்பவர் பரிகாரம் தேடி ஓடுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தரிசனத்தை எண்ணிக்கையாக்கினால் ஒவ்வொரு தலமும் அடுத்த தலத்துக்குப் போவதற்குத் தடையாகத் தோன்றத் தொடங்கும். வரிசையில் நிற்கும்போதே கண் கடிகாரத்தில் இருக்கும். சிதம்பரத்தில் ஓர் இரவு தங்குகிறவருக்குக் கிடைப்பது வேறு. கோபுர வாசலுக்குள் நுழையும்போது இரு பக்கச் சுவரிலும் நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்கள் சிறுசிறு கட்டங்களுக்குள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டத்தில் தூக்கிய கால் அடுத்த கட்டத்தில் மடங்கி, அதற்கடுத்ததில் ஊன்றியிருப்பதைப் பார்க்க மெதுவாக நடக்கிற கால் வேண்டும். கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் ஓமக்குளம். அங்கே நந்தனார் பெயரில் மடமும், சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்விப் பணியின் தொடர்ச்சியும் இருக்கின்றன. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், அந்தக் கோயிலுக்குள் நுழைய முடியாதவரின் கதையைப் பார்க்காமல் திரும்புகிறார். இரவு பத்து மணி அளவில் அர்த்தசாம பூசை. எல்லாத் தலங்களின் ஆற்றலும் அந்த வேளையில் தில்லைக்கு வந்து ஒடுங்குவதாக நம்பிக்கை. பல தலங்களைத் தேடி ஓடுகிறவருக்கு அந்த நம்பிக்கை சொல்லும் பதில் தெளிவானது: ஓர் இடத்தில் நின்றால் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கையும் தேவை. காரை விட்டு ரயிலில் வந்தேன் என்பதே ஒரு பெருமையாகிவிட்டால், இறங்கியவர் இன்னொரு பல்லக்கில் ஏறிவிட்டார் என்று பொருள். அது கண்ணுக்குத் தெரியாத பல்லக்கு என்பதால் இறங்குவதும் கடினம். எளிமையைக் காட்சிப்பொருளாக்கும் பழக்கம் எல்லாச் சமயங்களிலும் இருந்திருக்கிறது. இதற்கு மாற்று, எளிமையைக் கைவிடுவதில் இல்லை. அதைப் பிறருக்குப் பயன்படும்படி வைத்துக்கொள்வதில் இருக்கிறது. நான் என் உள்ளத்துக்காக மட்டும் காரை விட்டு வந்தால் அது எனக்கு ஒரு அலங்காரம். என் கார் அடைத்திருக்கக்கூடிய இடத்தில் ஒரு பூக்காரம்மா கூடை வைக்கலாம், பள்ளிப் பிள்ளை ஓரமாக நடந்து போகலாம் என்பதற்காகவும் விட்டு வந்தால் அது வழிபாடு. ஒரு கார் வராததால் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். சிறிய ஊர்களில் வீதி நீண்டதும் அல்ல, பல அடுக்கு நிறுத்தங்கள் உள்ளதும் அல்ல. திருவிழா நாட்களில் ஒவ்வொரு காரும் அங்கே கண்ணுக்குத் தெரியும். வடம் பிடிக்க வந்த ஆயிரம் கைகளில் என் கையால் என்ன ஆகும் என்று யாரும் ஒதுங்கி நிற்பதில்லை.

அப்பர் தலம் தலமாகப் போனபோது கையில் எடுத்துச் சென்றது உழவாரப்படை. பாடல் அவர் நாவில் இருந்தது, புல் செதுக்கும் கருவி கையில் இருந்தது. போன இடமெல்லாம் திருவீதியிலும் பிராகாரத்திலும் முளைத்திருந்த புல்லையும் முள்ளையும் செதுக்கினார்; பின்னால் வருகிறவர் காலில் முள் தைக்காமலிருக்க வழியைச் சுத்தப்படுத்தினார். இறைவனுக்குச் செய்யும் பணி என்று அவர் கண்டது, பிறர் நடக்கும் வழியைப் பிறருக்காகத் திறந்துவைப்பதை. இன்று திருவீதிகளை மறைத்து நிற்பது புல்லைவிடப் பெரியது, அதை அகற்ற ஒரு கருவியும் தேவையில்லை. ஊர் எல்லையில் இறங்கி நடந்து வருவதே போதுமான உழவாரப் பணி. இரண்டு நாள் அப்படி நடந்தவர் ஊர் திரும்பிய பிறகு அலுவலகத்தில், வீட்டில், தெருவில் தனக்கென்று பிடித்துவைத்திருக்கும் இடங்களில் எதிலாவது ஒன்றிலிருந்து பிறருக்காக இறங்கினால், அந்த யாத்திரை பலித்தது என்று சொல்லலாம். அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால், அவர் எதில் ஏறிப் போயிருந்தாலும் இன்னும் போய்ச் சேரவில்லை.